சோ. சிவபாதசுந்தரம்: செவிக்கும் கண்ணுக்கும் எழுதியவர்

சோ. சிவபாதசுந்தரம் (27 ஆகஸ்ட் 1912 – 8 நவம்பர் 2000) ஈழத்துத் தமிழ் எழுத்தாளர், இதழாசிரியர், வானொலி ஒலிபரப்பாளர். லண்டன் பி.பி.சி. நிறுவனத்தின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர். ஒலிபரப்பை ஒரு கலையாகக் கருதித் தமிழில் முன்னோடி நூல் எழுதியவர். மாணிக்கவாசகர், கௌதம புத்தர், சேக்கிழார் ஆகியோரின் வழித்தடங்களைத் தேடிச் சென்று பயண நூல்கள் படைத்தவர். எழுத்தாளர் சிட்டியுடன் இணைந்து தமிழ் நாவலுக்கும் தமிழ்ச் சிறுகதைக்கும் விரிவான வரலாறு எழுதியவர்.

இன்று ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் எழுத்தாளர்கள் பலர் நூல் எழுதுவதோடு நில்லாமல் பாட்காஸ்ட் நிகழ்ச்சிகளையும் நடத்துகிறார்கள். ‘பாட்காஸ்ட்’ என்ற சொல் 2004ஆம் ஆண்டில்தான் ஆங்கில நாளிதழ் ஒன்றில் முதலில் அச்சேறியது. ஆனால் எழுத்தாளர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கேட்பவர்களிடம் பேசுவது அதைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் பழைய வழக்கம். தமிழில் அவ்வழக்கத்துக்கு அடித்தளம் இட்டவர்களுள் சிவபாதசுந்தரம் முக்கியமானவர். பேசியது காற்றோடு போய்விடும், எழுதியதே நிற்கும் என்பார்கள். இவர் வாழ்க்கையைப் படிக்கும்போது இவ்விரண்டும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நின்றன என்பது விளங்குகிறது.

பெயர்க் குழப்பம்

ஈழத்துத் தமிழ் வரலாற்றில் இதே பெயரில் இன்னொரு பெரியாரும் உண்டு. சைவப் பெரியார் சு. சிவபாதசுந்தரம் (1878 – 1953) சுழிபுரம் விக்ரோறியாக் கல்லூரியின் தலைமையாசிரியராக விளங்கியவர். சைவ சித்தாந்த நூல்கள் எழுதியவர். இக்கட்டுரையில் பேசப்படுபவர் அவருக்கு அடுத்த தலைமுறையினர். முன்னெழுத்தைக் கவனியாமல் இருவரையும் ஒருவராக எண்ணிவிடும் தவறு மாணவர்களிடம் நேரலாம். ‘சு.’ என்றால் சைவ அறிஞர், ‘சோ.’ என்றால் வானொலி எழுத்தாளர் என்று நினைவிற்கொள்ளலாம்.

பிறந்த மண்

சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப்பகுதியில், ஊர்காவற்துறையைச் சார்ந்த கரம்பன் என்னும் ஊரில் பிறந்தார். அக்கால யாழ்ப்பாணம் அச்சுக்கூடங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பெயர்பெற்றது. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த உரைநடை மரபு அங்கே ஆழ வேரூன்றியிருந்தது. நாவலர் எழுத்தில் மட்டுமன்றிப் பேச்சிலும் வல்லவர். கோயில்களில் தொடர் பிரசங்கங்கள் செய்தவர். எழுத்தும் பேச்சும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அம்மண்ணுக்குப் புதிதன்று.

‘ஈழகேசரி’ ஆசிரியர்

சிவபாதசுந்தரத்தின் பொதுவாழ்வு இதழியலில் தொடங்கியது. நா. பொன்னையா 1930இல் சுன்னாகத்திலிருந்து தொடங்கிய ‘ஈழகேசரி’ வார இதழுக்கு இவர் 1938 முதல் 1942 வரை ஆசிரியராக இருந்தார். அப்போது இவருடைய வயது முப்பதுக்குள்தான்.

தமிழகத்தில் ‘மணிக்கொடி’ புதிய சிறுகதைக்குக் களம் அமைத்த காலத்தை ஒட்டி, இலங்கையில் அப்பணியை மேற்கொண்ட இதழ் ‘ஈழகேசரி’ ஆகும். ஈழத்துச் சிறுகதை முன்னோடிகள் என்று போற்றப்படும் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரின் பெயரும் இவ்விதழோடு சேர்த்தே பேசப்படுகிறது. இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கிய இதழ் அது. ஆசிரியர் பணி இவருக்கு இரண்டு பயிற்சிகளைத் தந்தது எனலாம். ஒன்று, பிறர் எழுத்தைச் சுருக்கித் திருத்தும் பழக்கம். மற்றொன்று, வாசகர் யார், அவருக்கு எது புரியும், எங்கே அலுப்புத் தட்டும் என்று கணிக்கும் பழக்கம். இரண்டும் பின்னாளில் வானொலிக்கு இன்றியமையாதவையாயின.

வானொலி வந்த காலம்

இவர் வானொலிக்குச் சென்ற காலத்தை அறிய, அன்றைய ஒலிபரப்பின் நிலையைச் சுருக்கமாகக் காண வேண்டும். சென்னையில் 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியால் ‘சென்னை மாகாண ரேடியோ கிளப்’ ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் அது 1927இல் நின்றது; 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. கொழும்பிலோ 1925 டிசம்பரிலேயே முறையான ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளுள் ஒன்று கொழும்பு வானொலி. சிவபாதசுந்தரம் இதழ்ப்பணியை விட்டு அந்நிலையத்தின் தமிழ்ப் பகுதியில் பணியாற்றலானார்.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். காகிதத் தட்டுப்பாட்டால் இதழ்கள் மெலிந்தன. கப்பல் தபால் நம்பத்தக்கதாக இல்லை. போர்ச் செய்தியை உடனுக்குடன் அறிய வானொலியே வழி என்ற நிலை உருவானது. வல்லரசுகள் யாவும் பல மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கின. பி.பி.சி. நிறுவனம் 1940 மே மாதத்தில் இந்தி ஒலிபரப்பையும், 1941 மே 3 அன்று தமிழ் ஒலிபரப்பையும், 1942இல் சிங்கள ஒலிபரப்பையும் தொடங்கியது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1941 முதல் 1943 வரை அதே நிறுவனத்தின் கீழைத்தேயப் பிரிவில் இந்தியாவுக்கான உரைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. எழுத்தாளர்களை ஒலிவாங்கியின் முன் கொண்டுவந்து நிறுத்தியதில் அந்தப் போருக்குப் பெரும் பங்கு உண்டு.

‘தமிழோசை’ என்னும் பெயர்

போர் முடிந்தபின், 1947இல் சிவபாதசுந்தரம் லண்டன் சென்று பி.பி.சி.யின் தமிழ்ப் பிரிவில் பணியாற்றினார். வாரந்தோறும் செய்தி மடலாகத் தொடங்கிய அத்தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்ற பெயரை இட்டவர் இவரே. பாரதியார் பாடலொன்றின் வழியாகத் தமிழர் செவிகளுக்கு முன்பே பழகிய சொல் அது. தமிழின் ஓசை உலகமெங்கும் பரவ வேண்டும் என்ற பாரதியின் ஆசை, லண்டனிலிருந்து கடல் கடந்துவரும் ஒலிபரப்புக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் இலக்கணத்தில் ‘ஓசை’ வெறும் சத்தத்தைக் குறிப்பதன்று. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று பாவின் அடையாளத்தையே ஓசையால் வகுத்தவர்கள் நம் முன்னோர். இலக்கணம் படித்தவர் காதில் ‘தமிழோசை’ என்ற பெயர் மொழியின் ஒழுங்கையும் இனிமையையும் சேர்த்தே சொல்லும். இலக்கணம் படிக்காதவருக்கும் அது எளிதில் புரியும். ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் வைப்பதில் உள்ள நுட்பம் இதுதான். கேட்டவுடன் விளங்க வேண்டும். மறுமுறை நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் பொருள் தர வேண்டும்.

இப்பெயர் வைத்தவரைவிட நீண்ட ஆயுள் பெற்றது. சிற்றலை என்பது வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல்லாயிரம் கிலோமீட்டர் செல்லக்கூடியது. இரைச்சலும் தேய்தலும் இருந்தாலும் எல்லைச் சாவடிகள் அதைத் தடுக்க முடியாது. இலங்கை உள்நாட்டுப் போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் பாட்டரிக் கட்டைகளும் கிடைக்காதபோது, மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து வானொலி கேட்டார்கள். அப்படிச் சுற்றி அவர்கள் கேட்க விரும்பியவற்றுள் முதன்மையானது ‘தமிழோசை’. அரை நூற்றாண்டுக்கு முன் கரம்பனில் பிறந்த ஒருவர் வைத்த பெயர், அவர் பிறந்த பகுதியிலேயே மக்களின் அன்றாடத் தேவையோடு கலந்துவிட்டது. அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நிறைவுற்றது.

ஒலிபரப்பு ஒரு கலை

இரண்டு நாட்டு ஒலிபரப்பு அனுபவத்துக்குப் பின் சிவபாதசுந்தரம் எழுதிய ‘ஒலிபரப்புக் கலை’ 1954இல் வெளிவந்தது. வானொலியில் பேசுவதும் எழுதுவதும் தனிப் பயிற்சி வேண்டும் ஒரு கலை என்ற எண்ணமே தமிழில் அப்போது புதிது. மேடையில் பேசத் தெரிந்தவர் வானொலியிலும் பேசிவிடலாம், கட்டுரை எழுதத் தெரிந்தவர் அதை அப்படியே வாசித்துவிடலாம் என்று எண்ணிய காலம். இவ்விரண்டும் ஏன் போதா என்பதை மாணவர்கள் விளங்கிக்கொள்வது நல்லது.

நூலைப் படிப்பவர் புரியாத இடத்தில் நின்று, பக்கத்தைத் திருப்பி மீண்டும் படிக்கலாம். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை பத்து வரி தள்ளியும் வரும் நெடுவாக்கியம் காதில் விழுந்தால், முடிவு வருமுன் தொடக்கம் மறந்துபோகும். தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால் இத்தொல்லை நமக்கு அதிகம். ஆகவே வாக்கியம் குறுக வேண்டும்; செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும்.

மேடைப் பேச்சாளருக்கு எதிரே கூட்டம் இருக்கிறது. அது தலையசைத்தால் தொடர்வார். கொட்டாவி விட்டால் கதை சொல்வார். ஒலிபரப்பாளருக்கு எதிரே கண்ணாடிச் சுவரும் கடிகாரமும் மட்டுமே இருக்கும். ஆயிரம் பேர் கேட்டாலும் அவர்கள் கூட்டமாக இல்லை. வீட்டுத் திண்ணையிலோ அடுக்களையிலோ தனித்தனியே இருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்து முழங்கும் குரல் அங்கே எடுபடாது. எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பேசும் குரலே எடுபடும்.

உச்சரிப்பின் பொறுப்பும் பெரிது. ‘வலி, வழி, வளி’ என்ற மூன்றையும் எழுத்தில் கண் பிரித்துவிடும். ஒலியில் நாக்குத்தான் பிரிக்க வேண்டும். ‘அரம்’, ‘அறம்’ இரண்டையும் ஒன்றாக ஒலித்தால் பொருளே மாறிவிடும். முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் வாசிப்புப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எழுத்துப்பிழையை மதிப்பெண் குறைத்துத் திருத்துகிறோம். ஒலிப்பிழையைக் காதில் வாங்கிக்கொண்டு கடந்துபோகிறோம். வானொலி அப்படிக் கடந்துபோக விடுவதில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் செல்லும் தமிழை யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மதுரையாரும் மலாயாத் தோட்டத் தொழிலாளரும் கேட்பார்கள். ஒவ்வொருவர் பேச்சுவழக்கும் வேறு. முழுச் செந்தமிழில் பேசினால் எல்லாருக்கும் அந்நியமாகும். ஓர் ஊர்ப் பேச்சில் பேசினால் மற்ற ஊர்கள் விலகிப்போகும். எந்த ஊருக்கும் சொந்தமில்லாததும் எல்லா ஊருக்கும் புரிவதுமான ஓர் எளிய நடை தேவைப்பட்டது. இன்று நாம் செய்திகளிலும் பாடநூல்களிலும் காணும் பொதுத்தமிழ் உருவானதில் அக்கால ஒலிபரப்பாளர்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.

கேட்ட ஊர்கள்

ஒலிபரப்பின் வரலாறு நிலையத்தோடு முடிவதில்லை. கேட்டவர்களையும் சேர்த்ததே அது. எங்கள் ஜேடர்பாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் வீட்டுக்கொரு ரேடியோ இல்லாத காலம் ஒன்று இருந்தது. பஞ்சாயத்து வானொலியின் குழாய் ஒலிபெருக்கியே ஊருக்குப் பொதுச் செவி. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சியும் இலங்கை வானொலியின் பாட்டும் எழுத்தறியாதவர்களையும் சென்றடைந்தன. 1960களில் திருச்சி வானொலி வழியே பரவிய ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்குத் தஞ்சைப் பகுதி உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டார்கள். நன்றாகச் சொல்லப்பட்ட பேச்சு ஒரு வயலின் விதையையே மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்ற அதிகாரம் வருகிறது. நூல்களை அரங்கேற்றிக் கேட்டுப் பழகிய சமூகம் நம்முடையது. வானொலி அப்பழைய வழக்கத்துக்கு ஒரு புதிய கருவியைத் தந்தது.

அடிச்சுவட்டுப் பயணங்கள்

சிவபாதசுந்தரத்தை வாசகர்கள் அதிகம் அறிந்தது பயண நூல்களால்தான். ‘மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்’ (1947), ‘கௌதம புத்தர் அடிச்சுவட்டில்’ (1960), ‘சேக்கிழார் அடிச்சுவட்டில்’ (1978) என்று மூன்று நூல்கள். இடையே முப்பதாண்டு கடந்தும் தலைப்பு முறை மாறவில்லை. ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக அவர் போகவில்லை. ஒரு மனிதர் நடந்த வழியில் தாமும் சென்று, நூலில் படித்ததை நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் முறை.

இம்முறையின் பயனை எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக்கு வந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றியதாகவும், கொடிமாடச் செங்குன்றூரில் அவர் திருநீலகண்டப் பதிகம் பாடச் சுரம் நீங்கியதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. செங்குன்றூர் என்பது இன்றைய திருச்செங்கோடு. வீட்டில் இருந்து படிப்பவருக்கு இது புராணச் செய்தி. காவிரியிலிருந்து அம்மலை நோக்கி ஒருமுறை நடந்தவருக்கு, ஒரு கூட்டம் கால்நடையாகக் கடந்த நாட்டின் வெயிலும் பனியும் தெரியும். நூலும் நிலமும் அப்போது ஒன்றையொன்று விளக்கும்.

புத்தரைப் பற்றிய நூலுக்குத் தனிச் சிறப்பு உண்டு. சைவச் சூழலில் வளர்ந்த ஈழத்தமிழர் ஒருவர், லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகரம் என நீளும் புத்தரின் வழியைத் தேடிச்சென்று எழுதுகிறார். 1956இல் புத்தரின் 2500ஆம் ஆண்டு நிறைவு ஆசியா முழுவதும் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில்தான் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1958இல் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது. பௌத்தத்தின் பெயரால் அரசியல் கொதித்த அந்த ஆண்டுகளை அடுத்து, புத்தரை வெறுப்பின்றித் தமிழில் அறிமுகப்படுத்தும் நூல் ஒன்று ஒரு தமிழரின் கையிலிருந்து 1960இல் வந்தது. அதன் மதிப்பைக் காலத்தோடு வைத்தே அளக்க வேண்டும்.

சிட்டியுடன் எழுதிய இலக்கிய வரலாறுகள்

சிட்டி என்னும் பெ.கோ. சுந்தரராஜன் (1910 – 2006) மணிக்கொடி எழுத்தாளர். அவரும் வானொலியில் பணியாற்றியவர். பத்தாண்டுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்து 1954இல் வானொலியின் கல்வி ஒலிபரப்புக்கு வந்த தி. ஜானகிராமனுடன் சேர்ந்து காவிரி வழிப் பயணத்தை ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971) என்ற நூலாக எழுதியவர். வானொலிப் பணியும் பயணமும் இலக்கியமும் இம்மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றன.

சிவபாதசுந்தரமும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்’ 1977இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவலான வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியானது 1879இல். இலங்கையில் சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. அந்த முதல் நூற்றாண்டு நிறையும் தறுவாயில் அதைத் தொகுத்துப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. அடுத்து ‘தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்’ 1989இல் வெளிவந்தது. அப்போது சிவபாதசுந்தரத்துக்கு வயது எழுபத்தேழு, சிட்டிக்கு எழுபத்தொன்பது.

இன்று இலக்கிய வரலாறு எழுதுபவர் கணினியில் தேடலாம். அன்று ஒரு பழைய நாவலின் முதல் பதிப்பைக் காண நூலகம் நூலகமாக அலைய வேண்டும். ஒருவர் ஈழத்து இதழ்களை உள்ளிருந்து அறிந்தவர். மற்றவர் மணிக்கொடிக் குழுவை உள்ளிருந்து அறிந்தவர். இரு கரையையும் அறிந்த இருவர் சேர்ந்ததால்தான் அப்பணி இயன்றது. தமிழ் நாவல், சிறுகதை பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவர் இவ்விரு நூல்களையும் தவிர்க்க முடியாது.

எது எஞ்சியது?

சிவபாதசுந்தரம் சில காலம் சென்னையில் வாழ்ந்தார். இறுதிக் காலம் லண்டனில் கழிந்தது. 2000 நவம்பர் 8 அன்று அங்கே காலமானார்.

அவர் ஒலிவாங்கியின் முன் பேசியவை 1940களின் நேரடி ஒலிபரப்புகள். அக்காலத்தில் ஒலிப்பதிவு செலவு மிக்கது. ஒலிபரப்பான உரைகளுள் பெரும்பாலானவை பதிவின்றியே மறைந்தன. ஆனால் எழுத்து பத்திரமானது என்றும் சொல்லிவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு பழைய இதழ்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒலி காற்றில் கரைந்தது. தாள் தீயில் கரிந்தது. எஞ்சியவை பல படிகளாக அச்சாகிப் பல ஊர்களில் பரவிய நூல்களும், பலர் வாயில் வழங்கிய ஒரு பெயரும்தாம். பின்னர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டிப் பாதுகாத்து வருகிறது.

இதிலிருந்து இன்றைய இளைஞர்கள் இரண்டு பாடம் பெறலாம். பாட்காஸ்ட் நடத்துபவர்கள், தாங்கள் பேசுவதை ஒலிக்கோப்பாக மட்டும் விடாமல் எழுத்துவடிவிலும் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் அதன் கோப்புகளும் மறையக்கூடும். கட்டுரை எழுதும் மாணவர்கள், எழுதி முடித்ததும் ஒரு பக்கத்தை நண்பர் ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக்காட்ட வேண்டும். அவர் எங்கே ‘என்ன சொன்னாய்?’ என்று கேட்கிறாரோ, அங்கே வாக்கியம் திருந்த வேண்டியிருக்கிறது. சிவபாதசுந்தரத்தைப் போன்றவர்கள் வானொலி நிலையத்தில் கற்றதை, ஒரு சுண்ணாம்புச் சுவர் வகுப்பறையிலும் கற்க முடியும்.

முக்கிய நூல்கள்

மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில் (1947)
ஒலிபரப்புக் கலை (1954)
கௌதம புத்தர் அடிச்சுவட்டில் (1960)
தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும் – சிட்டியுடன் (1977)
சேக்கிழார் அடிச்சுவட்டில் (1978)
தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும் – சிட்டியுடன் (1989)